மஞ்சள் மாவும் ஒரு சுண்டுக் கௌபியும்

எனக்குக் கை முந்தும், வாய் பிறகுதான் வரும். ஐம்பது வயதாகியும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. சோளரொட்டி செய்கிற பக்ரறியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவனின் முன்பல்லை உடைத்துவிட்டேன்.

ஊரைவிட்டு வந்து டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் கட்டடத்திலிருந்து அந்த பக்ரறி பஸ்ஸில் பத்து நிமிடம். வெளியிலிருந்து பார்த்தால் கார் திருத்துகிற இடம் என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே கூரை முட்டச் சோளச் சாக்குகள். அந்தச் சோளத்தைப் பெரிய தொட்டிகளில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அரைத்து, மெல்லிய ரொட்டியாகச் சுட்டுப் பைகளில் அடைப்பார்கள். எனக்குத் தந்த வேலை சாக்குத் தூக்குவது. முந்தின வேலையை ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள். அங்கேயும் ஒரு கைகலப்புத்தான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். தொட்டியடியில் நின்றவன் குவாத்தமாலாக்காரன். கட்டையான ஆள், என் தோளுக்குக்கூட வரமாட்டான். ஒரு கடதாசிப் பையைக் கிழித்து, வெள்ளைத் தூளை வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தான். மணம் மூக்கில் ஏறியதுமே எனக்கு விளங்கிவிட்டது. சுண்ணாம்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த வாளியைத் தூக்கிச் சோளத்துக்குள் ஊற்றினான்.

தோளில் இருந்த சாக்கை எங்கே போட்டேன் என்று தெரியாது. அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்துத் திருப்பி முகத்தில் குத்தினேன். அவன் கையை உயர்த்த முதல் இன்னொன்று. மூன்றாவது குத்துக்கு அவனுடைய வாய் தொட்டியின் இரும்பு விளிம்பில் மோதிற்று. பல் உடைகிற சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை, கற்கண்டு கடிக்கிற மாதிரித்தான். இரத்தம் தொட்டிக்குள் வழிந்தது. அவன் விழுந்த பிறகும் நான் விடவில்லை. விலாவில் உதைத்தேன். "பிள்ளையள் தின்னிற சாமானடா! பிள்ளையள் தின்னிற சாமான்!" என்று தமிழில் கத்திக் கத்தி உதைத்தேன். என்னை இழுத்தெடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

முதலாளி ஓடி வந்தார். ஒரு தொட்டிச் சோளம் முழுவதும் குப்பைக்குப் போயிற்று. பொலிஸைக் கூப்பிடப் போனவரைத் தடுத்தவன் அடி வாங்கியவன்தான். வாயில் துணியை அழுத்திக்கொண்டு, தான் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். முதலாளி என் கைமுட்டியைப் பார்த்தார், அவனுடைய வாயைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். இவன் நல்லவன், மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன். மூன்று மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால், கார் நிறுத்துகிற பாக்கிங்கில் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான்.

அடிவயிற்றில் ஒரு குத்து விட்டான். அவனுடைய உயரத்துக்கு அதுதான் வசதி. மூச்சு அடைத்து நான் முழங்காலில் விழுந்ததும், எட்டாத முகம் எட்டிற்று. காதைப் பொத்தி ஒன்று, மூக்கில் ஒன்று. உருகின பனிச் சேற்றில் முகம் புதையக் கிடந்தேன். அதோடு நிறுத்திக்கொண்டான். என்னைப் பொலிஸுக்கு விட்டுக்கொடுக்காமல் தானே கணக்குத் தீர்க்க நினைத்திருக்கிறான், அவ்வளவுதான். பிறகு சீமெந்துத் திட்டில் குந்திச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். சோளரொட்டிக்குள் மசித்த கறுப்பு பீன்ஸை வைத்துச் சுருட்டி என்னிடம் ஒன்றை நீட்டினான். அவன் உடைந்த பல்லோடும் நான் கிழிந்த மூக்கோடும் சாப்பிட்டோம். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.

ஏன் அடித்தாய் என்று கேட்டான். எனக்கு வருகிற ஆங்கிலத்தில், சோளத்தில் சுண்ணாம்பு கலந்தால் பிள்ளைகள் செத்துப்போகும் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் மறுபடி இரத்தம் வந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் அவிக்காத சோளத்தை அவனுடைய ஊரில் மாட்டுக்குத்தான் போடுவார்களாம். அப்படி அவித்தால்தான் அதிலுள்ள சத்து உடம்பில் சேருமாம். பிறகு ரொட்டிக்குள் இருந்த பீன்ஸைத் தொட்டுக் காட்டினான். சின்ன வயதில் பீன்ஸை ஒதுக்கிவிட்டு வெறும் ரொட்டி தின்றால் தாய் விறகுக் கட்டையால் அடிப்பாளாம். பக்கத்து வீட்டில் பீன்ஸ் வாங்க வழியில்லை. மூன்று வேளையும் சோளம், சோளம், சோளம். அந்த வீட்டுப் பிள்ளை வீங்கியது என்றான். முதலில் கால். தன் காற்சட்டையை உயர்த்தி, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமத்திக் காட்டினான். இப்படி அமத்தினால் குழி விழும், விரலை எடுத்தாலும் குழி போகாது என்றான்.

எனக்குத் தலை சுற்றியது. தான் அடித்த அடியால்தான் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அந்தக் குழி எனக்குத் தெரியும். என் தங்கச்சியின் காலில் அதை நான் விளையாட்டாகப் போட்டிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது, அவளுக்கு மூன்று. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பம், நடுவில் சேலையைக் கட்டிப் பிரித்தது. அப்பா முந்தின வருடமே ஷெல்லில் போய்விட்டார். நிவாரணச் சாமான் கூட்டுறவுச் சங்கக்கடை மூலம் வரும். கோதுமை மா வருவது நின்று, ஒரு நாள் மஞ்சள் மா வந்தது. சோள மா. எங்கோ ஏழை நாட்டுச் சனம் தின்கிற சாமானை எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எல்லாரும் முகத்தைச் சுளித்தோம். நாங்கள் என்னவோ பணக்காரர் மாதிரி. புட்டு அவித்தால் உதிர்ந்தது, ரொட்டி சுட்டால் துண்டு துண்டாயிற்று, கடைசியில் கஞ்சிதான் சரி என்று ஆயிற்று. மாதக்கணக்காக அந்தக் கஞ்சியிலேயே பிள்ளைகள் கிடந்தன.

மாவோடு கிழமைக்கு ஆளுக்கு ஒரு சுண்டுக் கௌபியும் தந்தார்கள். சுண்டு என்றால் ஒரு தகரப் பால்பேணி அளவு, கௌபி என்றால் காராமணிப் பயறு. சங்கக்கடை மனேஜர் ஒவ்வொரு கிழமையும் கதிரையில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்துவார். "பிள்ளையளுக்கு மாவை மட்டும் குடுக்காதையுங்கோ. கௌபியை அவிச்சு மசிச்சுக் கஞ்சியோடை சேத்துக் குடுங்கோ."

"அப்ப முட்டையும் பாலும் உங்கடை வீட்டிலையிருந்து அனுப்புங்கோ!" என்று யாராவது பதிலுக்குக் கத்துவார்கள். சனம் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

தங்கச்சி முதலில் கொழுத்தாள். அப்படித்தான் நினைத்தோம். முகம் உருண்டு, கன்னம் பளபளத்து, கால் மொழுமொழுவென்று ஆயிற்று. "பிள்ளை தேறியிட்டுது, கண் படப்போகுது" என்று பக்கத்துச் சேலைக்கு அப்பால் இருந்தவர் சொல்ல, அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நான் அவளுடைய காலைப் பெருவிரலால் அமத்திக் குழி விழுத்தி, "இஞ்சை பார், கிணறு" என்பேன். அவள் சிரிப்பாள். கொஞ்ச நாளில் சிரிப்பது நின்றது. முடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வந்தது. தோல் உரிந்தது. தூக்கினால் அழுவாள், இறக்கிவிட்டாலும் அழுவாள். வயிறு ஊதிற்று.

வயிறு ஊதினால் வாய்வு. வாய்வுக்குப் பயறு, பருப்பு, கௌபி ஆகாது. தோல் உரிந்தால் கிரந்தி. கிரந்திக்கு மீனும் முட்டையும் ஆகாது. எங்கள் சனத்துக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பத்தியம் காக்காத தாய் ஒரு தாயா? அம்மா ஒரு நாள் தவறாமல் பத்தியம் காத்தார். தங்கச்சிக்கு மஞ்சள் கஞ்சி மட்டும், அதுவும் தண்ணீராக. அவளுடைய பங்குக் கௌபியை அவித்து, விறகு வெட்டிக் களைத்து வருகிற எனக்குத் தந்தார். நான் உப்பும் மிளகாய்த் தூளும் போட்டுச் சாப்பிட்டேன். ஒரு கொட்டை மிச்சம் விட்டதில்லை.

அவள் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் செத்தாள். அந்தக் கிழமைக்குள் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் போயின.

மனேஜருடைய பிள்ளை மட்டும் கல்லுக்குண்டுபோல இருந்தாள். ஐந்தாறு வயதுப் பெட்டை, முற்றத்தில் கெந்தி விளையாடிக்கொண்டு திரிந்தாள். அதே மாவைத் தின்கிற பிள்ளைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று சனம் கேட்கத் தொடங்கிற்று. மாச் சாக்குகளுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புச் சாக்கு இருந்ததை யாரோ கண்டார்கள். அது கக்கூசுக் குழிகளுக்குப் போட வந்த சுண்ணாம்பு. நல்ல மாவை விற்றுவிட்டு நிறைக்குச் சுண்ணாம்பைக் கலக்கிறான் என்று காலையில் ஒருவர் சொன்னார். மத்தியானத்துக்குள் எல்லாருமே அதைக் கண்ணால் கண்டவர்கள் ஆகிவிட்டார்கள்.

நாற்பது ஐம்பது பேர் போனோம். மனேஜரைத் தலைமயிரில் பிடித்து வெளியே இழுத்தார்கள். மாச் சாக்கைக் கிழித்து அவருடைய வாய்க்குள் அடைத்து, "தின்னு, நீயும் தின்னு" என்றார்கள். வேலிக்கட்டையால் அடித்தார்கள். சைக்கிள் செயினால் அடித்தார்கள். முகத்தில் மாவும் இரத்தமும் குழைந்து களியாகிக் கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. அவருடைய மகள் வாசலில் நின்று குழறினாள். நான் உலக்கையோடு போனேன். தலைக்குத்தான் ஓங்கினேன். அவர் வலக்கையைத் தூக்கித் தடுத்தார். முழங்கையில் விழுந்தது. பச்சைத் தடி முறிகிற மாதிரிக் கேட்டது, கை மறுபக்கமாக மடிந்தது. அதே இடத்தில் இன்னொரு முறை அடித்தேன். சந்தோசமாக இருந்தது. அதை மறைத்து எழுதிப் பிரயோசனமில்லை. தங்கச்சி செத்த பிறகு அன்றைக்குத்தான் என் நெஞ்சு லேசாயிற்று.

யாரோ அவரை ட்ராக்டரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு பல வருடம் கழித்து அவரை இங்கே றிச்மண்ட் ஹில் கோயிலில்தான் கண்டேன், அன்னதானப் பந்தியில். வலக்கை மடிந்தபடியே நின்றுவிட்டது, வாய்க்கு எட்டாது. இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. கோயிலில் அவரைக் கண்ட அந்த நாளிலிருந்து நான் வாயை மூடவில்லை. கோயிலில், கலியாண மண்டபத்தில், செத்தவீட்டில், மரக்கறிக் கடை வரிசையில், எங்கே ஆள் அகப்பட்டாலும் சொன்னேன். "அந்தாள் இடக்கையாலை சாப்பிடுறதைப் பாத்தனீங்களோ? பிள்ளையளுக்குச் சுண்ணாம்பு தீத்தின கை அது. நான்தான் முறிச்சனான்." கேட்டவர்கள் ஒரு நொடியில் நம்பினார்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்தேன். எங்கள் ஆட்கள் கலியாணம் பேசினால், பெண் வீட்டைப் பற்றி முதலில் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். மனேஜருடைய மகளுக்குப் பேசியபோது, அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் என்று என்னைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். மூன்று தரம் ஃபோன் வந்தது. மூன்று தரமும் நான் விலாவாரியாகச் சொன்னேன். மூன்று பேச்சுக்காலும் குழம்பிற்று.

பக்ரறியில் அடிபட்ட அன்று, மூக்கில் பஞ்சோடு வீட்டுக்குப் போனேன். மகள் குசினி மேசையில் லப்டொப்பை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, யூனிவர்சிட்டியில் உணவுச் சத்துகளைப் பற்றித்தான் படிக்கிறாள். "அப்பா, ஹூ ஹிட் யூ?" என்றாள். எதிரே கதிரையை இழுத்துப் போட்டு, சோளம் மட்டும் தின்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன்.

சோதினைக் கேள்வி வந்ததுபோல அவளுக்கு முகம் மலர்ந்தது. "அது எங்களுக்கு ஃபர்ஸ்ட் இயர்லயே வந்தது. சோளத்திலை புரோட்டீன் இருக்கு, பட் இட்ஸ் நொட் கம்ப்ளீட். உடம்பாலை செய்ய ஏலாத ஒண்டு ரெண்டு பார்ட் அதிலை குறைவு. பீன்ஸ், பருப்பிலை அது இருக்கு. சோ ரெண்டையும் சேத்துச் சாப்பிடோணும். புவர் கன்ட்ரீஸ்ல நிறையப் பேருக்கு சோளம்தான் எல்லாம். பால் மறந்த சின்னப் பிள்ளைக்கு அதை மட்டும் குடுத்தா, வீங்கும். ஏன் ஒரு பிள்ளைக்கு வருது, மற்றதுக்கு வரேல்லை எண்டு இன்னும் முழுக்கத் தெரியாது. ஆனா அந்தச் சாப்பாடு மட்டும் போதாது, தட்ஸ் ஃபோர் ஷுவர்." சொல்லிக்கொண்டே ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினாள்.

ஆபிரிக்க நாடொன்றின் பிள்ளை. கண்ணுக்கு மேலே கறுப்புப் பட்டி போட்டு மறைத்திருந்தார்கள். செம்பட்டை முடி, உருண்ட முகம், பளபளத்த கால், உரிந்த தோல். நிறம் மட்டும்தான் வேறு. அது என் தங்கச்சி.

அன்றுதான் மகளுக்குத் தங்கச்சியின் சாவைச் சொன்னேன். அதுவரை 'சண்டையில் செத்தவள்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். கஞ்சியைச் சொன்னேன், பத்தியத்தைச் சொன்னேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். "வெயிட். கௌபி இருந்ததோ? வீட்டிலை இருந்தும் குடுக்கேல்லையோ? அப்ப அதை ஆர் சாப்பிட்டது?"

கை முந்திவிட்டது. அவளுடைய கன்னத்தில் அறைந்தேன். பிறந்த நாளிலிருந்து அவளை நான் அடித்ததில்லை. கதிரையோடு சரிந்து சுவரில் முட்டினாள். அதுவும் போதாமல் லப்டொப்பைத் தூக்கி நிலத்தில் அடித்தேன். அந்தப் பிள்ளையின் படம் நடுவால் வெடித்து இருண்டது. மகள் அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் சாப்பிட்டது," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. நான் பக்ரறியில் சாக்குகளைத் தூக்கித் தூக்கி எறிந்தேன். குளியலறைச் சுவரில் குத்திக் கையைக் காயப்படுத்தினேன். என்னுடைய கோபம் முப்பது வருடமாக ஒரு ஆளின் பக்கம் திரும்பி நின்றது. இப்போது அதற்குப் போக இடமில்லை. அம்மாவைக் கோபிக்க முடியவில்லை, அவர் செத்துப் பல வருடம். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, கோயில் ஆட்களிடம் மனேஜருடைய விலாசம் கேட்டுக்கொண்டு மோர்னிங்சைட்டுக்கு பஸ் ஏறினேன். அந்த மனிதர் மேல் நான் பூசியதைக் கழுவ வேண்டும். அதைத் தவிர வேறு யோசனை இல்லை.

கதவைத் திறந்தவள் மனேஜருடைய மகள்தான். நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். நெற்றியோரம் நரைத்திருந்தது.

"ஆர் நீங்கள்?"

"நான் வன்னியிலை அந்தப் பள்ளிக்கூடத்திலை இருந்தனான். அப்பாவைப் பாக்கவேணும்."

அவள் கதவை மூடப் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆர் பிள்ளை? உள்ளை வரச் சொல்லு."

மனேஜர் ஜன்னலடியில் கதிரையில் இருந்தார். மெலிந்து சுருங்கிவிட்டார். என்னைக் கண்டதும் அவருடைய மடிந்த கை தானாகத் தலைக்கு மேலே எழுந்தது. அன்றைக்கு எழுந்த மாதிரியே. பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அடிக்க வரேல்லை, மனேஜர்," என்றேன்.

"உலக்கைக்காரன்," என்றார். "முகம் மாறேல்லை. இரு."

நான் இருக்கவில்லை. நின்றபடி சொன்னேன். சுண்ணாம்பு இல்லை, நீங்கள் ஒன்றும் கலக்கவில்லை, பிழை எங்களுடையது, எனக்கு இப்போதுதான் விளங்கிற்று என்று கொட்டித் தீர்த்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "நான் கலக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே மோனை," என்றார். அதில் ஒரு கோபமும் இல்லை. எனக்குத்தான் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

பிறகு முன்னால் சரிந்து, குரலைத் தணித்தார்.

"நான் உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். கோயிலிலை உன்னைக் காணேக்கையெல்லாம் கேக்க நினைச்சனான், பயத்திலை விட்டிட்டன். உன்ர தங்கச்சியின்ர கால் வீக்கத்தைக் கண்டிட்டு, உன்ர அம்மாட்டை ரெண்டு சுண்டுக் கௌபி குடுத்தனான். எங்கடை பங்கிலையிருந்து. அவிச்சு மசிச்சுக் குடு பிள்ளை எண்டு சொன்னனான். அது சாக்கின்ர அடியிலை கிடந்த கௌபி. வண்டு அடிக்காமல் ஏதோ மருந்துத் தூள் போட்டு வந்த சாக்கு. வடிவாக் கழுவித்தான் குடுத்தனான். அடுத்த கிழமை பிள்ளை போட்டுது. அவள் அதைச் சாப்பிட்டவளோ?"

அவர் ஏன் இத்தனை வருடமாக ஒருவருக்கும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் அவரைக் கொலைகாரன் என்று ஒரு பொய்யை வைத்துச் சொன்னோம். அவர் தன்னைக் கொலைகாரன் என்று வேறொன்றை வைத்து நம்பிக்கொண்டிருந்தார். தங்கச்சியின் கடைசிக் கிழமையில் என் கோப்பையில் கௌபி கூடுதலாக இருந்தது. ஏது என்று நான் அம்மாவைக் கேட்கவில்லை.

"இல்லை," என்றேன். "அவள் சாப்பிடேல்லை. நான்தான் சாப்பிட்டன். ரெண்டு சுண்டும்."

"உனக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

"ஒண்டும் செய்யேல்லை."

அவர் வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "பிள்ளை, கேட்டனியோ? அவள் சாப்பிடேல்லையாம்! நான் குடுத்ததாலை இல்லையாம்!" அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். எட்டி என் வலக்கையைத் தன் இடக்கையால் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். "நல்லா இருப்பாய் மோனை. வந்து சொன்னியே, நல்லா இருப்பாய்." அந்தக் கையை உதறவும் முடியாமல் பற்றவும் முடியாமல் நின்றேன். அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவருடைய மகள் என்னை லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்டாள். பட்டனை அமத்தாமல் நின்றாள்.

"வேறை ஏதும் இருக்கோ? இருந்தா இண்டைக்கே சொல்லி முடியுங்கோ."

மூன்று ஃபோன்களையும் சொன்னேன். எந்தெந்தக் குடும்பம் என்று கேட்டாள். சொன்னேன். இரண்டாவதைச் சொன்னதும் கையை உயர்த்தினாள்.

"அது பேச்சுக்கால் இல்லை," என்றாள். "நாங்கள் விரும்பினனாங்கள். நாலு வருஷம். காரணம் சொல்லாமல் விட்டிட்டுப் போனவன்."

அடித்தாள். கையில் வீட்டுத் திறப்புக் கோர்வை, நாலைந்து சாவி, இருந்தது, அதோடு சேர்த்து அடித்தாள். கன்னம் கிழிந்தது. மறுபடி அடித்தாள், வாயில், கழுத்தில், மறுபடி வாயில். நான் சுவரோடு சாய்ந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கை முந்தாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்து பார்த்துவிட்டு மூடிற்று. அவளுக்கு மூச்சு வாங்கிற்று. திறப்பில் இருந்த இரத்தத்தைச் சட்டையில் துடைத்தாள்.

"வெளியிலை போய் எல்லாருக்கும் சொல்லுங்கோ, அப்பா ஒண்டும் கலக்கேல்லை எண்டு. ஒருத்தரையும் விடாமல் சொல்லுங்கோ. ஆனா ஃபோனிலை சொன்ன கதை அப்பாவுக்குத் தெரியக்கூடாது." லிஃப்ட் பட்டனை அமத்தினாள். "அவர் இண்டைக்குத்தான் சிரிச்சவர்."

நான் போய்ச் சொன்னேன். கோயிலில், கலியாண மண்டபத்தில், செத்தவீட்டில், முன்பு பொய்யைச் சொன்ன அதே ஆட்களைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். சிலர், இவனுக்கு வயது போய்விட்டது என்றார்கள். மனேஜர் அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். என்னைக் கண்ட ஒவ்வொரு தரமும் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஒவ்வொரு தரமும் மகள் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு, அந்த மூன்று ஃபோன்களைப் பற்றி வாயைத் திறக்காமல் நின்றேன்.